குறைமாசக் குழந்தைக்கு குடல்ல நெக் வந்துருச்சுன்னு சொன்னா: என்ன வைத்தியம் நடக்கும், அம்மா அப்பா என்ன பண்ணணும்

நர்ஸ் மிஸ்ஸி, குழந்தை வயித்துல இருந்து ட்யூப் வழியா இழுத்த அந்தக் குட்டி சிரிஞ்ச வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பாத்தாங்க. வழக்கமா அதுல தயிர் தண்ணி மாதிரி செரிக்காத பால் கொஞ்சம் வரும், அன்னைக்கு வந்தது பச்சை, கீரை வடிச்ச தண்ணி கணக்கா ஒரு 3 எம்எல். அவங்க எங்கிட்ட எதுவும் சொல்லல, இன்னொரு மிஸ்ஸிய கூப்பிட்டுக் காட்டினாங்க, அப்புறம் அடுத்த வேளைக்கு சூடு பண்ணி வச்சிருந்த என் பால எடுத்து ஓரமா வச்சாங்க. என் பொண்ணு சிங்கப்பூர்ல 27 வாரத்துல 940 கிராமுக்கு பொறந்தவ, அன்னைக்கு அவளுக்கு 18வது நாள். அந்த ராத்திரி இதெல்லாம் தெரிஞ்சிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்னு நான் நினைக்கிறத எல்லாம் இங்க எழுதுறேன், என்ஐசியு (பச்சக் குழந்தைங்க தீவிர சிகிச்சைப் பிரிவு) வாசல்ல உக்காந்து போன்ல தேடிட்டு இருக்குற யாருக்காவது உதவட்டும்.

மொதல்ல பேரு. டாக்டருங்க நெக்னு சொல்வாங்க, என் இ சி, முழுப் பேரு நெக்ரோடைசிங் என்டரோகோலைட்டிஸ். தேடிப் பாக்குறப்ப பெரியவங்களுக்கு வர்ற குடல் அழற்சி, க்ரோன்ஸ், கொலைட்டிஸ்னு நிறைய வரும், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, அத மூடிடுங்க. இது குறைமாசக் குழந்தையோட பிஞ்சுக் குடல் வீங்கி, அதோட சுவருக்குள்ள கிருமி பூந்து, அந்தக் கிருமி உண்டாக்குற வாயு சுவருக்குள்ளயே தங்கி, ரத்த ஓட்டம் குறைஞ்சு, சில இடம் செத்தே போயிடுற நோய். பெரும்பாலும் 32 வாரத்துக்கு முன்னாடி, 1500 கிராமுக்கு கீழ பொறந்த குழந்தைங்களுக்குத்தான் வருது. ரொம்ப சீக்கிரம் பொறந்ததுங்களுக்கு உடனே வராது, 2வது 3வது வாரத்துல வரும், அதாவது பால் அளவு ஏறிட்டு இருக்கும், மூச்சுக் குழாய எடுத்திருப்பாங்க, அப்பாடான்னு நம்ம கொஞ்சம் மூச்சு விடுற நேரம் பாத்து வரும். நீங்க கர்ப்பத்துல சாப்பிட்டதுனாலயோ வேலைக்குப் போனதுனாலயோ வர்றது இல்ல இது. குடல் முதிராம இருக்குறது, அதுல ரத்த ஓட்டம் சரியா இல்லாதது, உள்ள குடியேறுற கிருமி, இதெல்லாம் சேந்துதான் வருது.

இதுக்கு வீட்டு வைத்தியம்னு ஒண்ணு கூட கிடையாது, எல்லாமே ஆஸ்பத்திரியிலதான். ஆனா அதுக்காக நமக்கு வேலை இல்லன்னு நினைச்சு ஒதுங்கிடாதீங்க, கவனிக்கிறது, பால் எடுத்து சேக்குறது, சரியான நேரத்துல சரியான கேள்வி கேக்குறது, இந்த மூணும் நம்ம கையில இருக்கு.

கவனிக்கிறதுல இருந்து ஆரம்பிக்கிறேன். தினமும் கை கழுவிட்டு இன்குபேட்டர் பக்கத்துல நிக்கிறப்ப வயித்தப் பாருங்க. குறைமாசக் குழந்தைக்கு தோல் மெல்லிசா இருக்குறதால வயிறு எப்பவும் கொஞ்சம் உப்பித்தான் இருக்கும், மூக்கு வழியா மூச்சுக்கு காத்து தள்ளுற சிபாப் போட்டிருந்தா காத்து போயி இன்னும் உப்பும், அதனால உங்க குழந்தையோட வழக்கமான வயிறு எப்படி இருக்கும்னு கண்ணுக்கு பழகிக்கணும். மாறுறப்ப தெரியும். தோல் இழுத்து வச்ச மாதிரி பளபளன்னு ஆகும், நீல நரம்பு தெரியும், தொட்டா கல்லு மாதிரி இருக்கும், இல்ல லேசா சிவக்கும், கருநீலமாகும். வயித்துல இருந்து இழுக்குறது பச்சையா வர்றது, பேம்பர்ஸ்ல ரத்தம், மூச்சு அடிக்கடி நின்னு நின்னு வர்றது, ஹார்ட் ரேட் இறங்கி மானிட்டர் அடிக்கடி கத்துறது, உடம்பு சூடு ஏறி இறங்குறது, எப்பவும் விரல புடிச்சுக்குற குழந்தை அன்னைக்கு புடிக்காம துவண்டு கெடக்குறது, இதுல எது கண்ணுல பட்டாலும் அப்பவே சொல்லுங்க.

எப்படி சொல்றதுன்னு ஒரு வார்த்தை. "பேபி நல்லா இல்ல போல"ன்னு பொதுவா சொன்னா வேலை பளுவுல அது கடந்து போயிடும். "நேத்து சாயந்திரம் வயிறு மெத்துன்னு இருந்துச்சு, இன்னைக்கு இறுக்கமா பளபளன்னு இருக்கு, 2 மணி நேரத்துல 4 தடவ டிசாட் ஆச்சு, டாக்டர் வந்து பாக்க முடியுமா"ன்னு கேளுங்க. டிசாட்னா ரத்தத்துல ஆக்சிஜன் அளவு இறங்குறது. அன்னைக்கு மதியமே என் பொண்ணு வயிறு வேற மாதிரி இருந்தது எனக்குத் தெரிஞ்சுது, படிச்சவங்க பாத்துக்குவாங்கன்னு வாய மூடிட்டு இருந்தேன், அந்த சில மணி நேரத்துல ஒண்ணும் மாறியிருக்காதுன்னு டாக்டர் பின்னாடி சொன்னாங்க, இருந்தாலும் இன்னைக்கு வரைக்கும் அது மனசுல முள்ளா கெடக்கு.

சந்தேகம் வந்த உடனே அவங்க பண்றது எல்லாம் ஒரே நேரத்துல கடகடன்னு நடக்கும், பாக்க பயமா இருக்கும், அதனால எதுக்குன்னு தெரிஞ்சு வச்சுக்குங்க. பால நிறுத்துவாங்க. வாய் வழியா கொஞ்சம் பெரிய ட்யூப் ஒண்ண வயித்துக்குள்ள விட்டு உள்ள இருக்குற காத்து, பித்தம் எல்லாத்தையும் வெளிய எடுப்பாங்க, குடலுக்கு பாரம் குறையணும்ல. ரத்தம் எடுத்து கிருமி இருக்கான்னு பாக்க கல்ச்சருக்கு அனுப்பிட்டு ஆன்டிபயாட்டிக் ஏத்துவாங்க, ஆம்பிசிலின், ஜென்டாமைசின், மெட்ரோனிடசோல் மாதிரி ரெண்டு மூணு சேத்து, எது எதுன்னு அந்தந்த வார்டு முறைப்படி மாறும். பிளேட்லெட், அழற்சிய காட்டுற சிஆர்பி, ரத்தத்துல ஆசிட் எவ்வளவு, லாக்டேட் எவ்வளவுன்னு திரும்பத் திரும்ப பாப்பாங்க. வலி மருந்து குடுப்பாங்க, குடுக்கலன்னா கேளுங்க, குடல் வீங்குனா குழந்தைக்கு ரொம்ப வலிக்கும். வயிறு உப்பி மூச்ச அழுத்துச்சுன்னா திரும்ப வென்டிலேட்டர்ல போடுவாங்க, இது பின்னடைவு மாதிரி தெரியும், ஆனா தெம்ப மிச்சப்படுத்தத்தான்.

இதுல நம்ம வீட்டாளுங்களுக்கு தாங்கவே முடியாதது பால நிறுத்துறது. எங்க அத்தை போன்ல அழுதுட்டே, "பச்சப் புள்ளைய பட்டினி போடுறாங்களேம்மா, ஒரு சொட்டு தண்ணியாச்சும் நாக்குல வைக்கக் கூடாதா"ன்னு கேட்டாங்க. நமக்கு குழந்தைன்னாலே பால்தானே, வயிறு நிறைஞ்சிருக்கான்னுதான் மொதல்ல கேப்போம். ஆனா நெக்ல பால நிறுத்துறதுதான் மொதல் மருந்து. கால் எலும்பு முறிஞ்சா மாவுக்கட்டு போட்டு அசைக்காம வைக்கிறோம்ல, குடலுக்கு அந்த மாதிரி. குழந்தை பட்டினியும் கிடையாது, பிக் லைன்னு ஒரு மெல்லிசான குழாய கை இல்ல கால் நரம்பு வழியா இதயத்துக்கு கிட்ட வரைக்கும் கொண்டு போயி டிபிஎன், அதாவது நரம்பு வழியா குடுக்குற சத்து, ஏத்துவாங்க. ஒரு பையில மஞ்சளா சர்க்கரையும் புரதமும் உப்பும் வைட்டமினும், பக்கத்துல ஒரு சிரிஞ்சுல பால் மாதிரி வெள்ளையா கொழுப்பு. அந்த வெள்ளையக் காட்டி, அத்தை, இதான் இப்ப இவளுக்கு பாலுன்னு வீடியோ கால்ல காட்டினப்புறம்தான் அவங்க கொஞ்சம் அடங்கினாங்க. நெக் உறுதியாயிட்டா பொதுவா 7ல இருந்து 14 நாள் வரைக்கும் பாலும் இல்ல, ஆன்டிபயாட்டிக்கும் ஓடும். சும்மா சந்தேகம்தான்னு தெரிஞ்சா ரெண்டு மூணு நாள்லயே திரும்ப ஆரம்பிச்சுருவாங்க.

டிபிஎன் ரொம்ப நாள் ஓடுனா கல்லீரல் சோர்ந்து கண்ணு மஞ்சளாகலாம், லைன்ல இன்ஃபெக்ஷன் வரலாம், அதனால வாரா வாரம் லிவர் டெஸ்ட் எப்படி இருக்குன்னு கேட்டு ஒரு நோட்டுல எழுதி வைங்க. அதோட, வாய்க்குள்ள பஞ்சுல அம்மா பால் லேசா தடவலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, நிறைய வார்டுல பால் நிறுத்தியிருக்குறப்பவும் இதுக்கு விடுவாங்க, குழந்தை நாக்க சுழட்டுற அழக பாக்குறதே நமக்கு ஒரு தெம்பு. அவங்க சரின்னு சொல்லாம மட்டும் செய்யாதீங்க.

அடுத்தது எக்ஸ்ரே. மொதல் நாள் ரெண்டு நாள் 6 மணி நேரத்துக்கு ஒருக்கா, 8 மணி நேரத்துக்கு ஒருக்கான்னு எடுப்பாங்க, சில சமயம் குழந்தைய இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வச்சு எடுப்பாங்க, ஓட்டை விழுந்து காத்து வெளிய வந்திருந்தா அது மேல ஏறி கல்லீரல் பக்கம் தெரியும்னு. கதிர்வீச்சு ஆச்சேன்னு பயப்படாதீங்க, இந்த நேரத்துல அத எடுக்காம விடுறதுதான் ஆபத்து. டாக்டர் வாயில ஸ்டேஜ் 1, 2, 3ன்னு வரும், அது பெல்னு ஒரு அமெரிக்க சர்ஜனும் அவரோட சேந்தவங்களும் 1978ல வகுத்தது. 1ன்னா சந்தேகம், 2ன்னா எக்ஸ்ரேல குடல் சுவருக்குள்ள காத்து தெரிஞ்சு நெக் உறுதி, 3ன்னா குழந்தை ரொம்ப முடியாம இருக்கு இல்ல குடல் ஓட்டையாயிருச்சு. "இப்ப எந்த ஸ்டேஜ், நேத்து படத்துக்கும் இன்னைக்கு படத்துக்கும் என்ன வித்தியாசம், சர்ஜன் வந்து பாத்துட்டாங்களா" இந்த மூணு கேள்வியையும் தினமும் கேளுங்க. எங்களுக்கு ஒரு தடவ நடைபாதையில நின்னுட்டே வேக வேகமா இங்கிலீஷ்ல சொல்லிட்டுப் போயிட்டாங்க, எங்க வீட்டுக்காரருக்கு பாதி கூட புரியல, தலைய மட்டும் ஆட்டிட்டு வந்தாரு. அப்படி விடாதீங்க, உக்காந்து பேச ஒரு நேரம் குடுங்க, தமிழ்ல சொல்ல ஆள் வேணும்னு கேளுங்க. கேக்குறதுல வெக்கமே இல்ல.

நிறைய குழந்தைங்க மருந்துலயே தேறிடுதுங்க, அறுவை வரைக்கும் போறது ஒரு பங்குதான். என் பொண்ணு அந்தப் பங்குல விழுந்தா. பச்சையா வந்து 14 மணி நேரத்துல எக்ஸ்ரேல காத்து வெளிய தெரிஞ்சுது, விடியக்காலைல கையெழுத்து கேட்டாங்க. ரெண்டு வழி இருக்கு. ரொம்ப சின்ன, நிலையில்லாத குழந்தைன்னா படுக்கையிலேயே வயித்துல சின்னதா வெட்டி ஒரு வடிகுழாய் வச்சு அழுக்க வெளியேத்துவாங்க, இல்லன்னா வயித்தத் திறந்து செத்துப் போன குடல வெட்டி எடுத்துட்டு நல்லா இருக்குற முனைய வயித்துத் தோலுக்கு மேல கொண்டு வந்து ஸ்டோமா வைப்பாங்க. நெக்ல உயிர் ஆபத்து நிஜம், அறுவை வரைக்கும் போற ரொம்ப சின்னக் குழந்தைங்களுக்கு இன்னும் அதிகம், அத மறைச்சு எழுத எனக்கு மனசு வரல. கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் குழந்தைய தொட விடுங்கன்னு கேளுங்க, எங்கள விட்டாங்க, தலைல கை வச்சுட்டு வந்தோம்.

அறுவை முடிஞ்சு சர்ஜன் வந்தா அழுகை நடுவுலயும் இத மட்டும் கேட்டு எழுதிக்குங்க: எத்தன சென்டிமீட்டர் எடுத்தீங்க, எத்தன மிச்சம் இருக்கு, சிறுகுடலும் பெருங்குடலும் சேருற இடத்துல இருக்குற வால்வு தப்பிச்சுதா. பின்னாடி குழந்தை எவ்வளவு சீக்கிரம் பால்லயே வளருங்கிறது பெரும்பாலும் இந்த மூணு பதில்லதான் இருக்கு. ஒரு நல்ல சேதியும் சொல்லணும், 27 வாரத்துல சிறுகுடல் ஒண்ணேகால் மீட்டர் கிட்டதான் இருக்கும், முழு மாசத்துல அது ஏறக்குறைய ரெண்டு மடங்கு, அதாவது இவங்களுக்கு குடல் இன்னும் வளர வேண்டியது பாக்கி இருக்கு, வெட்டினதுக்கு அப்புறமும் வளரும். எங்களுக்கு 22 சென்டிமீட்டர் போச்சு, வால்வு தப்பிச்சுது.

ஸ்டோமா மொத தடவ பாக்குறப்ப வயித்துல ஒரு செவப்பு மொட்டு மாதிரி இருக்கும், ஈரமா, ரோஜா நிறத்துல, அதான் நல்ல நிறம். கருத்தா, வெளிறுனா, உள்ள போயிட்டா உடனே சொல்லணும். அத தொட்டா குழந்தைக்கு வலிக்காது, அதுல வலி நரம்பு இல்ல, சுத்தி இருக்குற தோலுக்குத்தான் எரியும். பை ஒட்டுற தட்டுல ஸ்டோமா அளவுக்கு ஓட்டை வெட்டணும், ரொம்ப பெருசா வெட்டுனா கழிவு தோல்ல பட்டு புண்ணாயிடும், இறுக்கமா வெட்டுனா ஸ்டோமாவ நெரிக்கும், மிஸ்ஸி எனக்கு ஒரு பழைய தட்ட அச்சா வச்சு பேனாவுல வரைஞ்சு வெட்ட சொல்லிக் குடுத்தாங்க. வளைஞ்ச சின்ன கத்திரிக்கோல், வெட்டின ஓரத்த விரலால தடவி சொரசொரப்பு போக்கணும், ஒட்டுறதுக்கு முன்னாடி தட்ட உள்ளங்கையில ஒரு நிமிஷம் வச்சு சூடாக்கணும், அப்பதான் நல்லா புடிக்கும். பையில வர்றத அளந்து எழுதுங்க. ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 40 எம்எல்லுக்கு மேல போனா அதிகம்னு அர்த்தம், தண்ணியும் உப்பும் வெளிய போயிட்டே இருக்கும், குழந்தை எடை ஏறாது. அதனால யூரின்ல சோடியம் பாத்து உப்பு சேத்துக் குடுப்பாங்க. சில சமயம் மேல் ஸ்டோமாவுல வர்றத எடுத்து கீழ் குடலுக்குள்ள விடுவாங்க, பாக்க ஒரு மாதிரி இருக்கும், ஆனா கீழ் குடல் சும்மா கெடந்து சுருங்காம வேலை செய்யப் பழகும். திரும்ப சேத்து தைக்கிறதுக்கு முன்னாடி மருந்து விட்டு எக்ஸ்ரே எடுத்து கீழ எங்கயாவது சுருக்கம் இருக்கான்னு பாப்பாங்க. எங்களுக்கு 8 வாரம் கழிச்சு, 2.3 கிலோ ஆனப்புறம் தச்சாங்க.

இப்ப பால். குழந்தைக்கு பால் நிறுத்தியாச்சு, அப்புறம் எதுக்கு பம்ப் பண்ணணும்னு தோணும், அங்கதான் நிறைய பேர் விட்டுர்றாங்க. விடாதீங்க. குடல் திரும்ப ஆரம்பிக்கிறப்ப உங்க பால விட நல்லது எதுவும் இல்ல. 1990ல லூகாஸ், கோல்னு ரெண்டு பேர் இங்கிலாந்துல 926 குறைமாசக் குழந்தைங்கள பாத்து எழுதுனாங்க, டப்பா பால் மட்டும் குடிச்சதுங்களுக்கு தாய்ப்பால் மட்டும் குடிச்சதுங்கள விட நெக் 6ல இருந்து 10 மடங்கு அதிகமா வந்துச்சுன்னு. தாய்ப்பால் குடிச்சாலும் வரும், என் பொண்ணுக்கு வந்துச்சு, ஆனா வாய்ப்பு குறையுது. ஒரு நாளைக்கு 8 தடவயாவது எடுக்கணும், ராத்திரி ஒரு தடவ கட்டாயம். நான் ராத்திரி 3 மணிக்கு அடுப்படி வெளிச்சத்துல உக்காந்து எடுப்பேன், மொத வாரம் அடி பாட்டில் கூட நனையாது, சிரிஞ்சுல உறிஞ்சி சேப்பேன், 2 எம்எல்லா இருந்தாலும் பேரு, தேதி, நேரம் எழுதி ஒட்டி ஐஸ் பேக் போட்ட பையில எம்ஆர்டி ரயில்ல எடுத்துட்டுப் போவேன். அந்த வார்டு சொல்ற நேரத்துக்குள்ள குடுக்க முடியலன்னா ஃப்ரீசர்ல போட்டுருங்க. அத்தை பூண்டு வதக்கி, பால் சுறா புட்டு செஞ்சு குடுத்தாங்க, அது எவ்வளவு பால் சுரக்க வச்சுதோ தெரியல, அந்த சூடான சோறு என்ன நிமித்தி வச்சுது. பால் வரவே இல்லன்னா தானப் பால் கேளுங்க, இங்க சிங்கப்பூர் கேகே ஆஸ்பத்திரில 2017ல ஆரம்பிச்ச தாய்ப்பால் வங்கி இருக்கு, குடுக்குறவங்கள பரிசோதிச்சு, பால 62.5 டிகிரில அரை மணி நேரம் சூடாக்கி கிருமிய கொன்னுதான் தருவாங்க. தெரிஞ்ச அக்காகிட்ட நேரா வாங்கி மட்டும் கொண்டு போகாதீங்க.

திரும்ப ஆரம்பிக்கிறப்ப அளவ பாத்து மனசு ஒடிஞ்சுராதீங்க. 1 கிலோ குழந்தைக்கு 2 மணி நேரத்துக்கு ஒருக்கா 1 எம்எல், அதுலதான் தொடங்கும், ஒரு நாள் ஏத்துவாங்க, வயிறு உப்புச்சுன்னா மறுநாள் நிறுத்துவாங்க, திரும்ப ஏத்துவாங்க. இன்னைக்கு எத்தன எம்எல்னு சொந்தக்காரங்க தினமும் கேக்காம இருந்தாலே பெரிய உதவி.

ப்ரோபயாடிக், அதாவது குடலுக்கு நல்ல கிருமிய மருந்தா குடுக்குறது, அதப் பத்தி ஒரு வரி. சில வார்டுல குறைமாசக் குழந்தைக்கு குடுப்பாங்க, சில இடத்துல மாட்டாங்க, 2023ல அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ எச்சரிக்கை விட்டுச்சு, நீங்களா கடையில வாங்கி ஒரு சொட்டு கூட விடாதீங்க.

வீட்டுக்கு வந்தப்புறம் நம்ம பழக்கம் ஒவ்வொண்ணா தலைகாட்டும். சேனை தொட்டு வைக்கிறது, தேன், ஓமத் தண்ணி, கிரைப் வாட்டர், வசம்பு சுட்டு உரசி நாக்குல தடவுறது, எதுவுமே வேணாம். பெரியவங்க மனசு நோகாம சொல்லணும்னா டாக்டர் வாயால சொல்ல வைங்க, நாங்க அத்தைய ஒரு அப்பாயின்ட்மென்ட்டுக்கு கூட்டிட்டுப் போயி டாக்டரையே சொல்ல வச்சோம், அதுக்கப்புறம் அவங்கதான் வர்ற சொந்தக்காரங்கள எல்லாம் தடுத்தாங்க.

பணத்துக்கு கவலப்படாதீங்கன்னு சொல்ல மாட்டேன், என்ஐசியு பில் பாத்தா யாருக்கும் வயித்தக் கலக்கும். சிங்கப்பூரர், பிஆர் (நிரந்தரவாசி) குழந்தைன்னா பொறந்ததுல இருந்தே மெடிஷீல்ட் லைஃப் காப்பீடு இருக்கு, 2025 ஏப்ரல் 1ல இருந்து பொறந்த சிங்கப்பூரர் குழந்தைக்கு மெடிசேவ் மருத்துவ சேமிப்புக் கணக்குல 5000 வெள்ளி போடுறாங்க, 42 நாளுக்குள்ள பொறப்ப பதியணும், இந்த ஓட்டத்துல மறந்துராதீங்க. மெடிக்கல் சோஷியல் ஒர்க்கர மொத வாரத்துலயே பாருங்க, பில் வந்தப்புறம் போறத விட அப்ப போனா மெடிஃபண்ட் ஜூனியர் உதவி நிதி மாதிரி வழியெல்லாம் நிதானமா சொல்வாங்க. ஒர்க் பாஸ், டிபென்டன்ட் பாஸ்ல இருக்குறவங்க கண்டிப்பா போகணும், உங்களுக்குத்தான் பாரம் அதிகம்.

நெக் தேறின குழந்தைக்கு, மருந்துலயே தேறியிருந்தாலும், அடுத்த சில மாசத்துல குடல்ல தழும்பு விழுந்து அந்த இடம் சுருங்கி அடைக்கலாம். பச்சையா வாந்தி, வயிறு உப்பி இறுகுறது, வெளிக்கிப் போகாம இருக்குறது, மலத்துல ரத்தம், இதுல எது வந்தாலும் காலைல க்ளினிக் போலாம்னு காத்திருக்காதீங்க, நேரா குழந்தைங்க எமர்ஜென்சிக்கு, துவண்டு போயிருந்தா 995ல ஆம்புலன்ஸ கூப்பிடுங்க. குடலோட கடைசிப் பகுதிய எடுத்திருந்தா பின்னாடி பி12 குறையலாம், ரத்த டெஸ்ட் எப்பன்னு கேட்டு வைங்க. வளர்ச்சி கிளினிக்க எப்பவும் தவற விடாதீங்க, நெக் வந்த குழந்தைங்க உக்கார்றது, பேசுறது தாமதமாகலாம், சீக்கிரம் கண்டுபுடிச்சா சீக்கிரம் தெரப்பி. வயச கணக்கு பண்றப்ப பொறந்த தேதியில இருந்து இல்ல, பொறந்திருக்க வேண்டிய தேதியில இருந்து எண்ணுங்க.

கடைசியா ஒண்ணு, நான் இன்னும் செய்யுறது. ஒரு சின்ன அட்டையில 27 வாரம், 940 கிராம், நெக் ஸ்டேஜ் 3, எந்தத் தேதியில அறுவை, 22 சென்டிமீட்டர் எடுத்தது, வால்வு இருக்கு, ஸ்டோமா மூடின தேதி, எந்த மருந்து சேராதுன்னு எல்லாத்தையும் எழுதி லேமினேட் பண்ணி பேம்பர்ஸ் பையில வச்சிருக்கேன், பாட்டி வீட்டுக்குப் போனாலும் அந்தப் பை கூடவே போகும். ராத்திரி 2 மணிக்கு எமர்ஜென்சில பதில் சொல்ல வாய் வராது, அந்த அட்டைய நீட்டினா போதும்.